டோலமைட்ஸா, டஸ்கனியா? இத்தாலிய சைக்கிள் திருவிழாவுக்கு விடுப்பு எடுக்கும் முன்

இத்தாலிக்குப் போய் ஒரு பெரிய சைக்கிள் திருவிழாவில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் கடைசியில் இரண்டு பெயர்களுக்கு நடுவில் வந்து நிற்கிறார்கள். ஒன்று, ஜூலை முதல் வாரத்தையொட்டி டோலமைட்ஸ் மலைகளில் நடக்கும் மரத்தோனா. முழுக்கத் தார்ச்சாலை, கணவாய்க்கு மேல் கணவாய். இன்னொன்று, அக்டோபர் முதல் ஞாயிறன்று டஸ்கனியில் நடக்கும் எரோய்கா. வெள்ளை மண்சாலை, பழைய சைக்கிள், கம்பளிச் சட்டை. இரண்டுக்கும் ஒரே ஆண்டில் போக நேரமும் பணமும் உள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

பொதுவாக எல்லோரும் தூரத்தையும் ஏற்றத்தையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். அது எனக்குச் சரியான அளவுகோலாகத் தோன்றவில்லை. பாதை எங்கேயும் போய்விடாது. டோலமைட்ஸின் போர்டோய் கணவாய் பனி இல்லாத மாதங்களில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. டஸ்கனியின் வெள்ளைச் சாலைகளில் எந்தச் செவ்வாய்க்கிழமையும் ஓட்டலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே குலுக்கல், கட்டணம், விசா, விமானத்தில் சைக்கிள் பெட்டி என்று அலைவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது: அந்த ஒரு நாளில் மட்டும் கிடைப்பது என்ன, அது நமக்கு வேண்டுமா?

மரத்தோனாவில் கிடைப்பது

முழுப் பெயர் மரத்தோனா டலெஸ் டோலோமிதெஸ். 1987-ல் 166 பேரோடு தொடங்கியது. இப்போது சுமார் 8,000 பேர் ஓட்டுகிறார்கள், விண்ணப்பிப்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அதனால் குலுக்கல். அல்தா பாதியா பள்ளத்தாக்கின் லா வில்லா கிராமத்தில் காலை 6.30-க்குப் புறப்பாடு, பக்கத்துக் கிராமமான கோர்வாராவில் முடிவு. நடுவில் இருக்கும் கணவாய்ச் சாலைகளில் அன்றைக்கு மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

அந்தக் கடைசி வரிதான் மரத்தோனாவின் உண்மையான மதிப்பு. கோடையில் இந்தக் கணவாய்களில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். மோட்டார் சைக்கிள் கூட்டம் கூட்டமாக ஏறும், சுற்றுலாப் பேருந்து வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு திரும்பும், ஏறுபவன் ஓரக்கல்லை உரசிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சத்தம் இல்லாமல், சங்கிலியும் மூச்சும் மட்டும் கேட்கும் ஒரு போர்டோய் ஆண்டில் சில நாட்களே கிடைக்கும். சில நாட்கள் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

தூரத்தில் மூன்று தெரிவுகள் உண்டு. குறுகியது 55 கிலோமீட்டர், 1,780 மீட்டர் ஏற்றம். நடுத்தரம் 106 கிலோமீட்டர், 3,130 மீட்டர். நீண்டது 138 கிலோமீட்டர், 4,230 மீட்டர். மூன்றுமே முதலில் செல்லா மலைத்திரளைச் சுற்றும் அதே வளையத்தில்தான் போகின்றன: காம்போலோங்கோ, போர்டோய், செல்லா, கார்தெனா. உயரம் பற்றிப் பயம் வேண்டாம். போர்டோய் 2,239 மீட்டர், நம் ஊட்டி 2,240. காற்று மெலிந்து மூச்சு முட்டும் உயரம் இல்லை. சிரமம் எல்லாம் சரிவில்தான் இருக்கிறது.

போர்டோய் அராப்பா பக்கமிருந்து 9.2 கிலோமீட்டர், சராசரி 6.9 சதவீதம், 33 கொண்டை ஊசி வளைவுகள். எண்களைப் பார்த்தால் கடுமையாகத் தெரியும். ஓட்டும்போது அவ்வளவு இல்லை, சரிவு ஒரே சீராக இருப்பதால் கால் ஒரு தாளத்துக்கு வந்துவிடும். உச்சியில் இத்தாலியின் பழைய சைக்கிள் பந்தய நாயகன் ஃபாவுஸ்தோ கொப்பிக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அடுத்து வரும் செல்லா 5.5 கிலோமீட்டர்தான், ஆனால் 7.9 சதவீதம். என்னைக் கேட்டால் வளையத்தில் கடினமானது அதுதான், அழகானதும் அதுதான். பாறைச் சுவர்கள் சாலைக்கு நேர் மேலே நிற்கும். கார்தெனாவில் நடுவே கொஞ்சம் இறக்கம்கூட வரும். அப்புறம் கோர்வாராவுக்கு இறங்கினால் 55 முடிந்தது.

நடுத்தரமா நீண்டதா என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வித்தியாசம் 32 கிலோமீட்டர், 1,100 மீட்டர். தாளில் சின்னதாகத் தெரியும். அந்த 1,100-ல் 922 மீட்டர் ஜியாவு என்ற ஒரே கணவாயில் இருக்கிறது: 9.9 கிலோமீட்டர், சராசரி 9.3 சதவீதம். சராசரி என்பதைக் கவனியுங்கள். அது வருவதோ, கால்கள் ஏற்கெனவே 2,500 மீட்டர் ஏறி முடித்த பிறகு, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ளவர், தண்ணீர் எல்லாம் சேர்த்து 10 கிலோ சைக்கிள். மணிக்கு 8 கிலோமீட்டர் என்ற நடைக்குக் கொஞ்சம் மேலான வேகத்தில் 9.3 சதவீதம் ஏற சுமார் 170 வாட் வேண்டும், அதுவும் 75 நிமிடம் இடைவிடாமல். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 28 பல் என்றால் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 52 மிதிதான் வரும். முழங்கால் முனகும். பின்னால் 34 பல் வைத்தால் 63. இந்தப் பதினொரு மிதிதான் ஜியாவுவில் ஓட்டிக்கொண்டு போவதற்கும் தள்ளிக்கொண்டு போவதற்கும் உள்ள தூரம். மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகும் 75 நிமிடம் 170 வாட் தர முடியும் என்று சைக்கிளில் வாட் அளக்கும் உங்கள் மீட்டர் சொன்னால் நீண்டதைப் பாருங்கள். மீட்டரே இல்லையென்றால் ஊரில் நீண்ட மலையேற்றம் ஒன்றை ஒரே நாளில் மூன்று முறை ஏறிப் பாருங்கள். கொல்லிமலையோ ஏற்காடோ எதுவானாலும் சரி. மூன்றாவது முறையில் முகம் எப்படி இருக்கிறது என்று கூட வந்தவர் சொல்லுவார்.

என் தீர்ப்பு: முதல் முறை போகிறவருக்கு நடுத்தரமே போதும். அதில் கடைசியில் வரும் ஃபால்சாரேகோவும் வால்பரோலாவும் நாள் முடியும்போது ரசிக்கத்தக்க ஏற்றங்கள். ஜியாவு முடித்துவிட்டு அதே ஃபால்சாரேகோவில் ஏறுபவர் எதையும் ரசிக்கும் நிலையில் இருப்பதில்லை. போதாததற்கு லா வில்லாவில், முடிவுக்குச் சில கிலோமீட்டர் முன்னால், 19 சதவீதம் வரை போகும் ஒரு குட்டிச் சுவரையும் பாதையில் வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள். இறங்கித் தள்ளுவதற்கு உலகத்திலேயே மோசமான இடம் அது.

நல்ல செய்தி, எந்தத் தூரம் என்பதை வழியிலேயே தீர்மானிக்கலாம், பிரியும் இடத்தை நேர வரம்புக்குள் அடைந்திருந்தால். அதனால் பதிவுப் படிவத்தின் முன் உட்கார்ந்து கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது இறக்கத்தைப் பற்றி. 3,130 ஏறினால் 3,130 இறங்க வேண்டும், ஆயிரம் பேர் நடுவில். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாரம் 200 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இதயமும் நுரையீரலும் தயாராக இருக்கும். ஆனால் வளைவுக்கு முன் பிரேக் பிடித்து, வளைவில் விட்டு, வெளியே வரும்போது மிதிக்கும் பழக்கம் சமதளத்தில் வராது. ஈரச் சாலையில், குளிரில் மரத்த விரல்களோடு அதைச் செய்ய வேண்டியிருக்கலாம். ஜூலை என்றாலும் கணவாய் உச்சியில் மழை பிடித்தால் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்குப் போகும். மழைச் சட்டையும் முழுக் கையுறையும் பாக்கெட்டில் இருக்கட்டும்.

குலுக்கல் இல்லாத வழி

செல்லாரோண்டா பைக் டே என்று ஒன்று இருக்கிறது. ஜூனில் ஒரு நாள், செப்டம்பரில் ஒரு நாள், செல்லாவைச் சுற்றியுள்ள அதே நான்கு கணவாய்களையும் மோட்டார் வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். கட்டணம் இல்லை, பதிவு இல்லை, நேரம் எடுப்பதில்லை. காலையில் சைக்கிளோடு வந்து நின்றால் போதும். எந்த ஊரிலிருந்தும் வளையத்தில் சேரலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் காபி குடிக்கலாம். மின்சார சைக்கிளும் வரும், குழந்தையை இழுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போகிறவர்களும் வருவார்கள்.

மரத்தோனாவின் 55 கிலோமீட்டர் தெரிவை இதோடு வைத்துப் பாருங்கள். அதே சாலை, அதே ஏற்றம், அதே வாகனமற்ற அமைதி. மரத்தோனாவில் கூடுதலாகக் கிடைப்பது எண் அட்டை, உணவு நிலையங்கள், இத்தாலியத் தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பு, ஹெலிகாப்டர், காலை 6.30-க்கு எட்டாயிரம் பேர் ஒன்றாகக் கிளம்பும் அந்தப் பரபரப்பு. அது வேண்டும் என்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், கோயில் தேருக்குத் தேரன்றுதான் போக வேண்டும் என்பவர்கள் அவர்கள். ஆனால் 55 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டப் போகிறவர் குலுக்கலில் பெயர் வரும்வரை காத்திருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பைக் டே போதும். சொல்லப்போனால் மேல், நின்று படம் எடுத்தால் யாரும் பின்னால் கத்தமாட்டார்கள்.

இன்னொரு நடைமுறை விஷயமும் உண்டு. இத்தாலியில் நேரம் எடுக்கும் போட்டிகளுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், போட்டி விளையாட்டுக்குத் தகுதி என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் ஏற்பாட்டாளர் தரும் படிவத்தையே அச்செடுத்து மருத்துவரிடம் கொண்டுபோவது நல்லது, சாதாரண உடல்நலச் சான்றிதழ் செல்லாமல் போகலாம். பைக் டேக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

மண்சாலைப் பக்கம்

எரோய்காவை மலைத் திருவிழா என்று சொன்னால் டோலமைட்ஸ்காரர்கள் சிரிப்பார்கள். அது நடக்கும் கியாந்தி, டஸ்கனியின் குன்றுப் பகுதி. ஆனால் குன்று என்று அசட்டையாக நினைத்தால் கால் பதில் சொல்லும். இங்கே நீண்ட ஏற்றம் கிடையாது, குட்டைக் குட்டையான, செங்குத்தான ஏற்றங்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். தாளமே கிடைக்காது.

1997-ல் ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் 92 பேரைச் சேர்த்துக்கொண்டு கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் தொடங்கினார். மண்சாலைகளை எல்லாம் தார் போட்டு மூடிக்கொண்டிருந்த காலம், அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பது நோக்கம். அது நடந்தது. 2007-ல் இதிலிருந்தே ஒரு தொழில்முறைப் பந்தயம் பிறந்தது, இப்போது மார்ச் மாதம் நடக்கும் ஸ்ட்ராதே பியாங்கே அதுதான். சைக்கிள் ஓட்டிகளின் ஏக்கம் ஒரு வட்டாரத்தின் சாலைக் கொள்கையையே மாற்றியதற்கு வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

எரோய்காவில் 1987-க்கு முந்தைய பாணி சைக்கிள் கட்டாயம்: எஃகுச் சட்டகம், கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில், பிரேக் கம்பி கைப்பிடிக்கு வெளியே வளைந்து வர வேண்டும், மிதியில் பட்டை. உங்கள் கார்பன் சைக்கிளோ, மண்சாலைக்கென்றே அகல டயரோடு வரும் புது கிராவல் சைக்கிளோ உள்ளே வராது. தூரங்கள் 46, 81, 106, 135, 209 கிலோமீட்டர். 209 போகிறவர்கள் இருட்டிலேயே கிளம்புகிறார்கள், விளக்கு கட்டாயம். ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் வெள்ளைச் சாலையில் இருபுறமும் தீபம் ஏற்றி வைத்திருப்பார்கள்.

உணவு நிலையத்தில் ஜெல் பாக்கெட் எதிர்பார்க்காதீர்கள். ரொட்டியும் பீன்ஸும் கீரையும் போட்டுக் காய்ச்சும் ரிபோலித்தா, வைனில் நனைத்துச் சர்க்கரை தூவிய ரொட்டி, பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ரிபோலித்தாவில் என்ன சாறு என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேயும் கியர் கணக்குதான் ஆளைத் தீர்மானிக்கிறது. அந்தக் கால சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரமே 42 பல், பின்னால் பெரியது 24 இருந்தால் பெரிய விஷயம். 8 சதவீத மண் ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 மிதி என்று போனால் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும், அதற்கு 270 வாட் அளவில் வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அது சில நிமிடம்தான் வரும். எனவே எரோய்காவில் இறங்கித் தள்ளுவது அவமானம் அல்ல, பண்பாடு. ஜியாவுவில் ஜெயிக்கும் கால்கள் இங்கே தள்ளிக்கொண்டு போவதை நிறையவே பார்க்கலாம். 81-க்கு மேல் போகப் போகிறவர்கள் வாடகை சைக்கிள் எடுக்கும்போது பெயிண்ட் நிறத்தைப் பார்க்காமல் பின்சக்கரப் பற்களை எண்ணுங்கள். கயோலேயில் பழைய சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் திருவிழா வாரத்தில் கடைசி நேரத்தில் போய் நின்றால் மிஞ்சியதுதான்.

அப்படியானால் எரோய்கா நாளில் மட்டும் கிடைப்பது என்ன? சாலை மூடப்படுவதில்லை, கார்களும் வரும். கிடைப்பது மனிதர்கள்தான். எண்பது வயதுத் தாத்தா தன் இளமைக்கால சைக்கிளில், தோளில் குறுக்காக உதிரி டயரைச் சுற்றிக்கொண்டு ஏறிக்கொண்டிருப்பார். சந்தையில் பழைய பிரேக் கட்டைக்குப் பேரம் நடக்கும். இந்தப் பழமையில் ஆர்வம் இருப்பவருக்கு உலகத்தில் இதற்கு ஈடு கிடையாது. ஆர்வம் இல்லாமல், மண்சாலையில் ஓட்ட வேண்டும் என்பது மட்டுமே ஆசை என்றால் எரோய்கா தப்பான கடை.

அவர்களுக்கு வழி வேறு. 209 கிலோமீட்டர் பாதை முழுவதும் நிரந்தர வழிகாட்டிப் பலகைகளோடு ஆண்டு முழுக்கத் திறந்திருக்கிறது. உங்கள் கிராவல் சைக்கிளிலேயே இரண்டு, மூன்று நாளாகப் பிரித்து ஓட்டலாம். அசியானோ அருகே 11.5 கிலோமீட்டர் நீளும் மோந்தே சாந்தே மரியே என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். தொழில்முறைப் பந்தயத்தில் கூட்டம் பல முறை சிதறிய இடம் அது, அந்தப் பந்தயத்தை மூன்று முறை வென்ற சுவிஸ் வீரர் ஃபாபியன் கன்செல்லாராவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். உலர்ந்திருந்தால் புழுதி, நனைந்தால் பசை. 35 மில்லிமீட்டர் டயர் போதும், 40 இருந்தால் சொகுசு. மார்ச் மாதத் தொழில்முறைப் பந்தயத்துக்கு மறுநாள் பொதுமக்களுக்கான ஸ்ட்ராதே பியாங்கே கிரான் ஃபோந்தோவும் உண்டு, நவீன சைக்கிளில் போகலாம், சியேனாவின் காம்போ சதுக்கத்தில் முடியும். மார்ச் குளிரைத் தாங்குபவர்களுக்கு.

யாரோடு போகிறீர்கள்

சைக்கிள் ஓட்டாத துணையும் குழந்தைகளும் கூட வருகிறார்கள் என்றால் டோலமைட்ஸ் பக்கமே என் ஓட்டு. தொப்பியாக்கோவிலிருந்து கோர்த்தினா வரை பழைய ரயில் பாதை ஒன்று சைக்கிள் பாதையாகியிருக்கிறது. 1964-ல் மூடப்பட்ட ரயில் அது. பெரும்பகுதி கெட்டியான மண் பாதை, ரயில் ஏறிய சரிவு என்பதால் மிதமானது, வாகனம் கிடையாது. வாடகை சைக்கிளில் பத்து வயதுப் பிள்ளையும் ஓட்டும். மண்சாலை ஆசைக்கும் இது ஓரளவு பதில். டஸ்கனியில் குடும்பத்துக்கு வேறு நூறு விஷயங்கள் இருக்கின்றன, ஆனால் குடும்பமாக மிதிக்க இவ்வளவு எளிதான பாதை கியாந்திக் குன்றுகளில் கிடைக்காது.

ஆக, பந்தய உணர்வும் வலுவான கால்களும் இருந்து, குலுக்கலில் பெயரும் வந்தால் மரத்தோனா நடுத்தரம். பழைய சைக்கிளைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் ஆள் என்றால் யோசிக்கவே வேண்டாம், எரோய்கா, 81 கிலோமீட்டர். இரண்டு வகையிலும் சேராத, முதல் முறை போகிற ஒருவர் என்னிடம் கேட்டால் செப்டம்பரில் போகச் சொல்லுவேன். சனிக்கிழமையைச் செல்லாரோண்டா பைக் டேக்கு வைத்துக்கொண்டு, இரண்டு நாள் ஓய்வு, பிறகு ரயிலில் சியேனாவுக்கு இறங்கி மூன்று நாள் வெள்ளைச் சாலைகள். தார், மண் இரண்டும் ஒரே பயணத்தில், எந்தக் குலுக்கலும் இல்லாமல். 35 மில்லிமீட்டர் டயரும், முன் பல்சக்கரத்தைவிடப் பின் பல்சக்கரத்தில் பல் அதிகமான கியரும் உள்ள ஒரு கிராவல் சைக்கிள் இரண்டுக்கும் ஈடு கொடுக்கும். கணவாய்களில் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

செப்டம்பரில் கணவாய்களில் பனி விழுவதும் உண்டு என்பதால் பைக் டே தேதிக்கு ஒருநாள் முன்னும் பின்னும் கையில் இருக்கட்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குலுக்கல் இல்லாத பயணம் என்பதால் பைக் டே தேதி வெளியான உடனே வேலையைத் தொடங்கிவிடலாம். அல்தா பாதியாவுக்குப் பக்கத்து ரயில் நிலையம் ப்ரூனிகோ, அங்கிருந்து பேருந்து. தெற்கே இறங்கும்போது இத்தாலியின் வட்டார ரயில்களில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்கி அப்படியே ஏற்றலாம். வேக ரயிலில் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டால்தான் விடுவார்கள், அந்தப் பையை ஊரிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.